“உங்கட பக்கம் பரம்பரையோ?”

அம்மம்மாவின் செத்தவீட்டிலும் பந்தலுக்குக் கீழே வெத்திலைத் தட்டம் இருந்தது. அச்சுவேலியில் அது இல்லாமல் ஒரு செத்தவீடு நடந்து நான் பார்த்ததில்லை. வெத்திலை, சீவின பாக்கு, சுண்ணாம்பு, நறுக்கின புகையிலை, பக்கத்தில் ஒரு கட்டுச் சுருட்டு. வந்தவர்கள் கதிரையில் இருந்து, ஒரு வாய் போட்டுக்கொண்டு, “என்ன வருத்தம்?” எண்டு விசாரித்தார்கள். மாமா குரலைக் குறைத்து, “தொண்டையில கான்சர்” எண்டார். கேட்டவர்கள் “ஐயோ” எண்டு தலையை ஆட்டிக்கொண்டே இன்னொரு பாக்குச் சீவலை எடுத்தார்கள்.

அண்டைக்கு எனக்கு இதில் எதுவுமே உறைக்கவில்லை. தட்டத்தில் புகையிலை முடிய, உள்ளே போய் எடுத்துவந்து நிரப்பினதே நான்தான்.

உறைத்தது மூன்று மாதம் கழித்து, அக்காவுக்குச் சம்பந்தம் பேசின நேரம். சாதகம் பொருந்தியிருந்தது. சீதனக் கதையும் பெரிய சிக்கலில்லாமல் போனது. அதுக்குப் பிறகு மாப்பிள்ளை பகுதியில் இருந்து ஒரு கேள்வி வந்தது: “தாய்க்காரிக்கு கான்சர் எண்டு கேள்விப்பட்டம். உங்கட பக்கம் பரம்பரையோ?”

“இல்லை, அது அவவுக்கு வயசு போய் வந்தது” எண்டு அம்மா சொல்லிவிட்டா. ஆனால் அண்டு இரவு குசினிக்குள் என்னட்டைத் தனியாகக் கேட்டா: “ஏன் பிள்ளை, அது இரத்தத்தில இருக்குமோ? அம்மாவுக்கு வந்தால் எனக்கும்தானே வரும்? எனக்கு வந்தால் பிறகு உங்களுக்கு...” சொல்லி முடிக்காமலே, அம்மம்மாவின் பழைய கொட்டப்பெட்டியைத் திறந்து ஒரு வெத்திலையை எடுத்து முதுகுப்பக்கம் நரம்பைக் கிள்ளினா. “வாறதெண்டால் வரும். இனி என்ன செய்யிறது.”

இந்தக் கட்டுரை அந்த “வாறதெண்டால் வரும்” பற்றினது.

அம்மம்மாவுக்கு முதலில் புட்டுத்தான் இறங்காமல் போனது. “நெஞ்சுக்குள்ள நிக்குது” எண்டா. தேங்காய்ப்பூ கூடப் போட்டு அவித்துக் கொடுத்தம். பிறகு சோறு நின்றது. குழையப் பிசைந்து கொடுத்தம். பிறகு கஞ்சி மட்டும். பல்லில்லாத வயசு, வாய்வு, வெக்கை எண்டு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தம். எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கும்போது உணவுக்குழாயின் நடுப்பகுதி கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் “களம்” எண்டு படம் கீறிப் பெயர் குறித்தோமே, அந்தக் குழாய்தான். கட்டியான சாப்பாடு முதலில் நிற்பதும், பிறகு தண்ணிச் சாப்பாடும் நிற்பதும் அந்தப் புற்றுநோயின் வழமையான வரவு எண்டு பிறகுதான் தெரிந்தது. நாங்கள் குழையப் பிசைந்து கொடுத்த அந்த மாதங்களில் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

நான் மருத்துவ பீடமில்லை, கலைப்பீடம். ஆனால் அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் சொல்லவேணும் எண்டு வாசிக்கத் தொடங்கினேன். முதலில் கண்டது, அம்மம்மாவுக்கு வந்தது உலகத்தின் பல பகுதிகளில் “அரிதான புற்றுநோய்” எண்ட வகைக்குள் வருகிறது எண்டதை. ஐரோப்பாவில் ஒரு வருடத்தில் ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வந்தால் அது அரிதான புற்றுநோய். அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனம் 15 பேருக்கும் குறைவு எண்டு கணக்கு வைக்கிறது. அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் லட்சத்துக்கு நாலு பேர் அளவில்தான் வருகிறது. அதாவது இந்த இரண்டு கணக்கின்படியும் அங்கே அரிது. ஆனால் இலங்கைப் பெண்களிடையே அது நீண்டகாலமாக முன்னணிப் புற்றுநோய்களில் ஒன்று. ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. அம்மம்மா வேறு நாட்டில் இருந்திருந்தால் அவவின் வருத்தம் ஒரு அபூர்வம். எங்கட ஒழுங்கையில் அது மூண்டாவது வீடு.

அப்ப அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். ஒரு நோய் ஒரு சனத்துக்கு அரிதாகவும் இன்னொரு சனத்துக்குச் சாதாரணமாகவும் இருந்தால், அந்தச் சனத்தின் இரத்தத்தில் ஏதோ இருக்கு எண்டுதானே யாரும் நினைப்பார்கள்?

இதே கேள்வியோடு வாழ்க்கை முழுக்க இருந்த ஒரு மனிதர் தற்செயலாக எங்கட ஆள். பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம், 1921இல் பிறந்தவர், யாழ்ப்பாணத் தமிழ்ப் பூர்வீகம் கொண்ட சிங்கப்பூர் நோயியலாளர். 2023இல் சிங்கப்பூரின் ஜனாதிபதியான தர்மன் சண்முகரத்தினத்தின் அப்பா எண்டால் கெதியில் விளங்கும். மகனைப் பற்றி எங்கட பேப்பர்கள் பக்கம் பக்கமாக எழுதின. அப்பாவைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இந்தத் தேடலில்தான். 1968இல் சிங்கப்பூர் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியவர் அவர். ஒரு சின்னத் தீவு, அதற்குள் சீனர், மலாயர், இந்தியர். சீனருக்குள்ளும் ஹொக்கியன், தியோச்சு, கன்டனீஸ் எண்டு பேச்சுமொழிப் பிரிவுகள். ஒரே வெயில், ஒரே ஆஸ்பத்திரிகள். ஆனால் புற்றுநோய்கள் ஒரேமாதிரி இல்லை.

அவர் அதிகம் ஆராய்ந்தது மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேற்பகுதியில் வருகிற ஒரு புற்றுநோயை. உலகின் பெரும்பாலான இடங்களில் அது லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது. தென்சீனத்தில், விசேஷமாகக் கன்டனீஸ் மக்களிடையே, அது பல மடங்கு அதிகம். “கன்டன் கட்டி” எண்டே அதுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. சிங்கப்பூரிலும் சீனருக்கு அதிகம், அவர்களுக்குள் கன்டனீஸ் ஆட்களுக்கு இன்னும் அதிகம், இந்தியருக்கு மிகக் குறைவு.

இரத்தம்தான் எண்டு முடிவெடுக்க இதைவிட வேறென்ன வேணும்? ஆனால் ஆராய்ச்சி போகப் போக மூன்று விஷயங்கள் ஒண்டாக வந்து நின்றன. ஒண்டு, எப்ஸ்டீன்-பார் எண்ட வைரஸ். அது உலகம் முழுக்க அனேகமாக எல்லாருக்கும் தொற்றுவது. இரண்டாவது, சில மரபணு வேறுபாடுகள். உண்மைதான், அதில் பரம்பரைக்கும் ஒரு பங்கு இருக்கு. மூண்டாவது, கன்டனீஸ் முறையில் உப்புப் போட்ட மீன். பால் மறக்கிற குழந்தைகளுக்கே சோற்றோடு அதைப் பிசைந்து ஊட்டுவார்கள். (கருவாடு எண்டதும் ஆரும் ஓடவேண்டாம். இது அந்தக் குறிப்பிட்ட முறையில் பதப்படுத்தின மீனைப் பற்றின முடிவு.) சாப்பாடும் வாழ்க்கையும் மாற, ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் இந்தப் புற்றுநோய் வருடாவருடம் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. சில பத்து வருடங்களுக்குள் ஒரு சனத்தின் இரத்தம் மாறாது. மாறினது சட்டிக்குள் இருந்ததுதான்.

இதை வைத்துக்கொண்டு எங்கட பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

தமிழர் கப்பலேறிப் போன இடங்களை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். 1860இல் மெட்ராஸில் இருந்து முதல் கப்பல் தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது, கரும்புத் தோட்ட வேலைக்கு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். எங்கட மலையகத்துக்கு வந்தார்கள். நேட்டாலில் 1960களில் செய்த ஆய்வு, அங்கத்தைய இந்தியர்களின் வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய்களையும் வெத்திலை போடுகிற பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் சீனரையும் மலாயரையும் விட இந்தியருக்கு அதிகம். அங்கத்தைய இந்தியரில் பெரும்பாலானோர் தமிழர். ஆக, போன இடமெல்லாம் நோயும் கூடப் போயிருக்கிறது. அம்மா கேட்டால் “பார்த்தியோ, இரத்தம்தான்” எண்டுவா.

ஆனால் ஒரு சின்ன விஷயம் இடிக்கிறது. நேட்டாலிலும் சரி, மலேசியாவிலும் சரி, இந்தியருக்குள் கூடப் பாதிக்கப்பட்டது பெண்கள். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஓடுவது ஒரே இரத்தம். இரத்தம்தான் காரணம் எண்டால் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரேமாதிரி வந்திருக்கவேணும். வேறுபட்டது என்ன எண்டால், அந்தச் சமூகங்களில் வெத்திலை கூடப் போட்டது பெண்கள்.

இப்ப தாய்வானுக்குப் போங்கோ. அங்கே பாக்குப் போடுவது ஆண்கள், லொறி ஓட்டுபவர்களும் கட்டட வேலைக்காரரும். புகையிலை சேர்க்க மாட்டார்கள், வெறும் பாக்கும் வெத்திலையும் சுண்ணாம்பும்தான். அங்கே வாய்ப் புற்றுநோய் வருவது பெரும்பாலும் ஆண்களுக்கு. பப்புவா நியூகினியிலும் பாக்குப் பழக்கம் அதிகம், வாய்ப் புற்றுநோயும் அதிகம். தாய்வான்காரருக்கும் பப்புவாக்காரருக்கும் எங்களுக்கும் இரத்த உறவு இல்லை. உறவு தட்டத்தால் மட்டும்தான்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேர்ந்த வெத்திலை புற்றுநோயை உண்டாக்கும் எண்டு 1985இலேயே எழுதிவிட்டது. 2004இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும் எண்டது. “நான் பொயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தானே” எண்டு சொல்லுகிற எல்லாருக்குமான பதில் அது. பாக்கில் உள்ள அரெக்கொலின் வாயின் உட்தோலுக்குக் கீழ் நார்போல இறுகப்பண்ணும். அதனால் சிலருக்கு நாளடைவில் வாயை முழுசாகத் திறக்கவே ஏலாமல் போகும். சுண்ணாம்பு அதை இன்னும் வேகப்படுத்தும். புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் தனிக் கணக்கு. சாறை விழுங்கினால் அது போகிற பாதை உணவுக்குழாய். அம்மம்மா துப்புகிற ஆளில்லை. “துப்பினால் பிறகென்னத்துக்குப் போடுறது?” எண்டு சிரிப்பா.

நான் அம்மாவுக்குச் சொன்ன பதில் இதுதான்: “அம்மம்மா உங்களுக்குத் தந்தது இரத்தம் மட்டுமில்லை அம்மா, கொட்டப்பெட்டியும்தான். இரத்தத்தை ஒண்டும் செய்ய ஏலாது. பெட்டியை மூடலாம்.”

பரம்பரைக்கு எந்த இடமும் இல்லை எண்டு நான் சொல்லவில்லை. சில குடும்பங்களில் மார்பகப் புற்றுநோய் மரபணு வழியாக வருவது உறுதியான விஷயம். நான் சொல்ல வருவது வேறு. “இனம்” எண்ட சொல்லை ஒரு நோய்க்குப் பக்கத்தில் பார்த்தவுடன் விசாரணை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் விசாரணை அங்கேதான் தொடங்குகிறது. இந்த நாட்டில் பிறக்கும்போதே எங்கட பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனம், அம்மாவின் இனம் எண்டு எழுதிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக இந்த நாட்டில் நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, “தமிழருக்கு அதிகம்” எண்டு எங்காவது கண்டால் அது எங்களோடு பிறந்த ஒண்டு எண்டு உடனே ஏற்றுக்கொள்கிறோம்.

ஆனால் எந்தத் தமிழர்? அம்மாவோடு பள்ளிக்கூடம் படித்து ரீச்சராகிய அன்ரி வெத்திலை போடுகிறதில்லை. அம்மம்மா பதினைஞ்சு வயசில் இருந்து மற்றவர்களின் தோட்டங்களில் வெங்காயம் நட்டவ, புகையிலைக்குத் தண்ணி மாறினவ. காலமை தேத்தண்ணியோடு போனால் மத்தியானம் மட்டும் வேற சாப்பாடில்லை. “ஒரு வாய் போட்டால் பசி தெரியாது பிள்ளை” எண்டு அவ சொன்னதை நான் ஒரு பழமைபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாக்கு உடம்பைச் சூடாக்கி, களைப்பை மறக்கப்பண்ணும் எண்டது விஞ்ஞானமும்தான். மலையகத்தில் காலமை முதல் பின்னேரம் மட்டும் கொழுந்து பறிக்கிற பெண்களின் வாயில் இருப்பதும் இதேதான், இதே காரணத்துக்காகத்தான். “தமிழர்” எண்டு அட்டவணையில் ஒரே வரியாக எழுதினால் அந்த வெறும் வயிறு அதில் தெரியாது.

இன்னொண்டும் தெரியாது. அந்தப் புகையிலை எங்கட மண்ணில் விளைந்தது. எங்கட வலிகாமத்துச் செம்மண்ணின் காசுப்பயிர் அது. ஒல்லாந்தர் காலத்தில் இருந்து யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மலையாளத்தில் அதுக்கு யாழ்ப்பாணப் பெயரே நிலைத்தது. அம்மப்பா குத்தகைக்கு எடுத்துச் செய்த புகையிலையில்தான் அம்மா ஓ.எல். வரைக்கும் படித்தா. அதனால் “நஞ்சு” எண்டு ஒரு சொல்லில் அதை என்னால் தூக்கி எறிய முடியவில்லை. எங்களை ஆளாக்கினதும் அது, அம்மம்மாவைக் கொண்டுபோனதும் அது.

நாங்கள் புகையிலை ஏற்றின அதே திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்து எங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் வந்திருக்கிறது. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 35 வயசுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 1,90,000 பேரை வைத்து ஒரு ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பகுதிகளில் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பெரிய மெஷின் ஒண்டும் இல்லை. பார்த்தவர்களும் டொக்டர்மார் இல்லை. மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். 2005இல் லான்செட் சஞ்சிகையில் வந்த முடிவு: புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. “கலைப்பீடம் படிச்சு என்ன செய்யப்போறாய்?” எண்டு கேட்கிற சொந்தக்காரருக்கு நான் இப்ப இந்த ஆய்வைத்தான் சொல்லுறது.

பார்க்கவேண்டியதும் பெரிய ரகசியமில்லை. கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் பக்கங்கள், நாக்குக்குக் கீழ். துடைத்தால் போகாத வெள்ளைப் படை, சிவந்த படை, இரண்டு மூன்று கிழமை கடந்தும் ஆறாத புண், உறைப்புப் பட்டால் தாங்க முடியாத எரிவு, வாய் திறக்க இறுக்கம். இதில் ஒண்டு இருந்தாலும் பல் வைத்தியரிடம் போகவேணும். சாப்பாடு நெஞ்சுக்குள் நின்றால் கஞ்சிக்கு மாறிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. யுத்த காலத்தில் எங்கட ஆட்கள் இதுக்காக மகரகம வரை போகவேண்டியிருந்தது. இப்ப தெல்லிப்பழை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் சேர்த்த பணம் அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போனது. எங்களில் எத்தினை பேர் அச்சுவேலியில் இருந்து அவ்வளவு கிட்ட இருந்தும் பிந்திப் போகிறோம் எண்டது எங்கட கணக்கு.

இதை அம்மம்மாமாரின் கதை எண்டு நினைத்து வாசித்து முடிக்கவேண்டாம். பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால் நிற்கிற பெடியளின் பொக்கற்றுக்குள் இருக்கிற மாவாவும் அதே பாக்கு, அதே புகையிலை, அதே சுண்ணாம்புதான். கொட்டப்பெட்டி பொலித்தீன் பையாகிவிட்டது, அவ்வளவுதான். என்னோடு படிக்கிற ஒருத்தன் சோதினை நேரம் நித்திரை வராமல் இருக்கப் போடுறான். அம்மம்மா பசிக்குப் போட்டா, இவன் பாடத்துக்குப் போடுறான். இவன் இருபத்திரண்டு வயசிலேயே தொடங்கிவிட்டான். நாளைக்கு இவனுக்கு ஏதாவது வந்தாலும் ஆராவது ஒரு பந்தலுக்குக் கீழ் இருந்து “பரம்பரையோ?” எண்டுதான் கேட்பார்கள்.

அக்காவின் அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. காரணம் அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

போன மாதம் ஒரு இரவு அம்மாவைக் கதிரையில் இருத்தி, போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தேன். “என்ன பிள்ளை, மாடு வாங்கிறவன் மாதிரிப் பாக்கிறாய்” எண்டு சிரித்தா. இடது கன்னத்துக்குள், அவ வழமையாக வெத்திலையை அடக்கி வைக்கிற இடத்தில், அரைச் சதமளவில் ஒரு வெள்ளைப் படை. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அடுத்த கிழமையே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் ஆகலாம். முற்றாக நிப்பாட்டவேணும், மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் வரவேணும் எண்டு பல் வைத்தியர் சொன்னார். அம்மா புகையிலையை விட்டிட்டா. பாக்கை இன்னும் முழுசாக விடவில்லை. சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கிழமை அம்மம்மாவின் ஆட்டைத் திவசம் முடிந்தது. தட்டம் வைக்கிறதோ இல்லையோ எண்டு வீட்டில் பெரிய கதை நடந்தது. “சனம் என்ன சொல்லும்” எண்டார் மாமா. கடைசியில் அம்மா வெத்திலை மட்டும் அடுக்கி வைத்தா. பாக்கும் இல்லை, பொயிலையும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தட்டத்தில் இருந்து ஒரு வெத்திலையை எடுத்தார். பிறகு சேட் பொக்கற்றுக்குள் கையை விட்டு, தன்ரை பாக்கை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு, “என்ன?” எண்டார்.

“ஒண்டுமில்லை மாமா,” எண்டேன். “சாப்பிட்டு முடிய ஒருக்கால் வாயைத் திறவுங்கோ, பாக்கவேணும்.”